பொடக்காலியில் விளைந்த கசப்பு உப்பு

எருமப்பட்டி சோடாக்காரர் வெள்ளியங்கிரி யாரையும் நம்பமாட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் யாரும் அவரை நம்பியதில்லை. ஆகவே இரு தரப்புக்கும் நஷ்டமில்லை.

கடைக்கு ஒரு பூட்டு, கடையின் பின்னறைக்கு இரண்டு பூட்டு. பூட்டியதும் இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்த பிறகு, இழுத்துப் பார்த்தோமா என்ற சந்தேகம் வரும். திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். ஜோசியரிடம் போனால் தன் ஜாதகத்தோடு வேறு யாருடையதோ ஒன்றையும் சேர்த்து நீட்டுவார்; எது தன்னுடையது என்று கடைசிவரை சொல்லமாட்டார். ஒருமுறை ஜோசியர் அந்த இன்னொரு ஜாதகத்துக்கு ராஜயோகம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஜாதகக்காரனையும் வெள்ளியங்கிரி சந்தேகிக்கத் தொடங்கினார்.

மானாவாரிக் காட்டுக்காரக் குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். மழை பொய்த்தது, இருந்த காட்டை அண்ணன் உழுதார், இவர் பதினெட்டு வயதில் சேலத்துக்குப் போய், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சோடாக் கம்பெனியில் சேர்ந்தார். ஆறு வருஷம் இருந்தார். சோடா போடவும் சந்தேகப்படவும் அங்கேதான் முறையாகக் கற்றுக்கொண்டார்.

சோடாவுக்குக் காற்று வேண்டும். மேலே அடிக்கிற காற்று உதவாது. சேலத்துக்கு வடக்கே கரட்டுக் குன்றுகளில் வெட்டி எடுக்கிற வெள்ளைக்கல்லை மாவாக இடித்து, உள்ளே ஈயத்தகடு பதித்த பாத்திரத்தில் கொட்டி, அதன்மேல் கந்தகத் திராவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கல் சீறும். சீறும்போது வருகிற கேஸைக் குழாயில் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினால் அதுதான் சோடா. குடிக்கிறவனுக்கு ஏப்பம், விற்கிறவனுக்குச் சோறு. ஆனால் கல்லும் திராவகமும் அத்தோடு மறைந்துபோவதில்லை. இரண்டும் கலந்து மாறி, கலங்கலான ஒரு தண்ணீராகப் பாத்திரத்தின் அடியில் நிற்கும். கேட்டது கேஸ், கேட்காமல் கூடவே வருவது இந்தத் தண்ணீர். இதைக் கொட்டினால்தான் அடுத்த ஈடு போட முடியும்.

சேலத்து முதலாளி இதைக் கொட்டமாட்டார். பீப்பாய்களில் பிடித்துவைப்பார். புதன்கிழமைதோறும் ஒரு மாட்டு வண்டி வரும், பீப்பாய்கள் ஏறும், மேலே வைக்கோல் போட்டு மூடுவார்கள், வண்டி போகும். எங்கே போகிறது என்று வெள்ளியங்கிரி ஒருநாள் கேட்டார். "அது கழிவு. விஷம். தொட்டால் கை வெந்துவிடும்" என்றார் முதலாளி. விஷத்துக்கு எதற்கு வைக்கோல் போர்வை என்று வெள்ளியங்கிரி கேட்கவில்லை, மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டார். முதலாளி எதையோ மறைக்கிறார் என்பது மட்டும் விளங்கியது. எதை என்பது ஆறு வருஷத்திலும் விளங்கவில்லை. அதனால், தான் தொழில் தொடங்கினால் தானும் எதையாவது மறைக்க வேண்டும் என்ற பாடத்தோடு ஊருக்குத் திரும்பினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம் ஒரு பழைய மெஷினை வாங்கிவந்து, எருமப்பட்டிச் சந்தைக்கு எதிரில் தம் வீட்டு முன்பக்கத்திலேயே கடை போட்டார். மனைவி உண்ணாமலைக்குக்கூடப் பின்னறைக்குள் அனுமதி இல்லை. கல் மலிவு, திராவகம் விலை. ஆகவே கல்மாவைத் தாராளமாகக் கொட்டி, திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். திராவகம் கடைசிச் சொட்டுவரை கல்லோடு தீர்ந்துபோகும். கருமித்தனத்தால் ஒரு நன்மை விளைந்தது என்று எங்கேயாவது எழுதவேண்டி வந்தால் இங்கே எழுதலாம். அந்த நன்மை என்ன என்பது பிறகு தெரியும். மிச்சத் தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் அகலமாக வெட்டிய குழியில் ஊற்றிவிடுவார். ஊற்றிய பிறகு திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் திரும்பிப் பார்க்காத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

முப்பத்தேழாம் வருஷம் அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடைகள் மூடின. நுரைத்துப் பொங்குவதெல்லாம் சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. இட்லி மாவைக்கூடச் சிலர் கதவைச் சாத்திக்கொண்டுதான் கரைத்தார்கள். காத்தான் என்ற பழைய கள்ளுக்கடை வாடிக்கைக்காரன் ஒரு சந்தை நாளில் வெள்ளியங்கிரி கடையில் அடுத்தடுத்து நாலு சோடா குடித்தான்.

"ஏறமாட்டேங்குதுங்க" என்றான்.

"ஏறாதுப்பா. அது சோடா."

"எனக்கு மட்டும் ஏறாததக் குடுத்துப்போட்டு, ஏறறத உள்ரூம்ல வெச்சுப் பூட்டிப்போட்டீங்களாக்கும்."

இதைக் காத்தான் சந்தை முழுவதும் சொல்லிக்கொண்டு போனான். மறுவாரம் சோடா வியாபாரம் இரண்டு பங்காயிற்று. கூட்டம் கூடியதால் வெள்ளியங்கிரிக்குச் சந்தேகம் கூடியது. மூன்றாவது பூட்டு வாங்கினார்.

மணியக்காரர் சின்னண்ணன் கடைக்கு வந்தது அப்போதுதான். கிராமத்தின் வரியும் வம்பும் அவர் கையில். ஊரில் தமக்குத் தெரியாத அறை ஒன்று இருப்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

"ஏப்பா வெள்ளியங்கிரி, அந்த உள்ரூமுக்குள்ள என்னத்த வெச்சிருக்கறே?"

"மிசினுங்க."

"மிசினு சரி. மிசினுக்குள்ள?"

"கேஸுங்க."

"கேஸுக்குள்ள?"

வெள்ளியங்கிரி கொஞ்சம் யோசித்தார். "அதுக்குள்ள ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப்பா மூணு பூட்டு?"

 மணியக்காரர் எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பொடக்காலிப் பக்கம் போனார். பங்குனி வெயில். குழியில் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் பூத்திருந்தது. உண்ணாமலை குனிந்து அதை ஒரு மண்சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் சட்டியை முந்தானையால் மூடினாள்.

"அதென்ன அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்க."

ஒரே வீட்டில் இரண்டு ஒன்றுமில்லைகள். முன்னால் இருப்பது காற்று. பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மணியக்காரர் வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். சர்க்கார் அனுமதியில்லாமல் உப்பு விளைவிப்பது அந்தக் காலத்தில் ஜெயிலுக்குப் போகிற குற்றம். "மேற்படி நபர் சோடாக் கடை என்ற போர்வையில் வீட்டின் பின்புறம் பாத்தி கட்டி உப்புக் காய்ச்சி வருகிறார்" என்று ஒரு ரிப்போர்ட் எழுதி அனுப்பினார். உப்பென்று எழுதுமுன் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் மணியக்காரர் பார்த்து எழுதுகிறவர் அல்ல. எழுதிய பிறகு அதை நம்புகிறவர்.

சித்திரையில் உப்பு இலாகா அதிகாரி இரண்டு சேவகர்களோடு வந்து இறங்கினார். மெலிந்த, அளந்து பேசுகிற மனிதர். குழியைப் பார்த்தார். குழியைச் சுரண்டி ஒரு மூட்டை கட்டச் சொன்னார்.

"இது என்ன?" என்று வெள்ளியங்கிரியைக் கேட்டார்.

 வெள்ளியங்கிரிக்குத் தெரிந்தவரை அது விஷம். சேலத்து முதலாளி சொன்னது. உப்பு என்றால் உப்புக் கேஸ். விஷம் என்றால், ஆடுமாடு நடக்கிற வழியில் எதற்கு விஷக்குழி வெட்டினாய் என்று அதைவிடப் பெரிய கேஸ்.

"கழிவுங்க, சாமி."

"எதன் கழிவு?"

"சோடாவோடதுங்க."

"சோடாவில் ஏதய்யா கழிவு? குடித்தால் ஏப்பம் வரும். அதுதானே கழிவு?"

கூட நின்ற மணியக்காரர் பெரிதாகச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, தாம் சொன்னது வேடிக்கை என்று அவருக்குத் தெரியாது. நாக்கில் வைத்துப் பார்த்துவிடலாமே என்று ஒரு சேவகர் மெல்லச் சொன்னார். "குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுப் பொருளை நாக்கில் வைக்க எனக்கு உத்தரவில்லை. எதைக் கலந்திருக்கிறாரோ" என்றார் அதிகாரி. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். மெஷினுக்கு அரக்கு முத்திரை வைத்தார். மூட்டையை மணியக்காரர் பொறுப்பில் ஒப்படைத்தார். ஒரு மாதம் கழித்து ஊர்ச் சாவடியில் விசாரணை. உப்பு என்று தீர்மானமானால் மெஷின் பறிமுதல், ஆள் ஜெயில் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அரக்கு வைத்த மெஷினுக்கு எதிரில் வெள்ளியங்கிரி பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மெஷின் போனால் அவருக்குக் காடும் இல்லை, கடையும் இல்லை. முப்பது வயதில் அண்ணன் காட்டுக்குக் கூலிக்குப் போக வேண்டும். ஆனால் அதைவிட அவரை அரித்தது வேறு: யார் காட்டிக் கொடுத்தது?

"காத்தானாத்தான் இருக்கோணும்" என்றார்.

"அவனுக்கு எழுதத் தெரியாதுங்க" என்றாள் உண்ணாமலை.

"உன்ற தம்பிக்கு எழுதத் தெரியும்."

"அவன் செத்து நாலு வருசமாச்சுங்க."

"அதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருப்பான்."

உண்ணாமலை முறத்தை எடுத்துக் கம்பு புடைத்தாள். கொஞ்சம் கழித்து, "ஏனுங்க, அது விசமில்லாமயும் இருக்கலாமில்லீங்க?" என்றாள்.

வெள்ளியங்கிரி நிமிர்ந்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"நம்ம எருமை நக்குச்சுங்க. ஒண்ணும் ஆகலீங்க."

"எருமை வந்து சாவடியில சாட்சி சொல்லுமா?"

உண்ணாமலை வாயை மூடிக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த எருமை சாணி போடாமல் வயிறு உப்பி நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் குழியோரத்தை நக்கியது. மறுநாள் காலையில் பொடக்காலி முழுவதையும் உண்ணாமலை மூன்று தடவை கூட்ட வேண்டியிருந்தது. எருமை துள்ளிக்கொண்டு தீனி தின்றது. உண்ணாமலை படிக்காதவள், ஆனால் பார்த்ததை மறக்காதவள். அந்த வெள்ளை ஊசிகளை அள்ளி, வெந்நீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, மண்சட்டியில் ஊற்றி நிழலில் வைத்தாள். இரண்டு நாளில் சட்டிக்குள் கண்ணாடி மாதிரி ஊசிகள் விளைந்தன. நாக்கில் வைத்தாள், நல்ல கசப்பு; புருஷனின் கருமித்தனத்தால் திராவகம் மிச்சமில்லை, நாக்கு வேகவில்லை. அரைச் சிட்டிகையை வெந்நீரில் போட்டுத் தானே குடித்துப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அப்புறம் தெருவே கேட்டது. சுரைக்காயும் கோழிமுட்டையும் முந்தானையில் மறைத்துக்கொண்டு பெண்கள் பொடக்காலி வழியாக வருவார்கள். பொட்டலத்தை மறைத்துக்கொண்டு போவார்கள். வயிறு இறுகியிருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்கிற ஊர் இல்லை அது.

முன்வாசலில் மூன்று பூட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரிக்கு, பின்வாசலில் மூன்று வருஷமாக ஒரு வியாபாரம் நடந்தது தெரியாது.

இன்னொன்றும் தெரியாது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உண்ணாமலை அவருக்கு நிலவேம்புக் கசாயம் கொடுப்பாள். நிலவேம்பே கசப்பு, அதற்குள் என்ன கசப்பை ஒளித்தாலும் நாக்குக்குத் தெரியாது. "எனக்கு ஒடம்பு இரும்பு. வகுறு கடியாரம் மாதிரி" என்று அவர் ஊரெல்லாம் பெருமை பேசுவார். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தக் கடியாரத்துக்குச் சாவி கொடுத்தது யார் என்பதும் வெளியே வரும். யாரையும் நம்பாத மனிதர் ஒருத்தி கொடுத்ததை மட்டும் முகர்ந்து பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தார். அதை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவள் மணியக்காரர் வீட்டுப் பொடக்காலிக்குப் போனாள். மணியக்காரர் சம்சாரம் குஞ்சம்மாள் அவளுடைய முதல் வாடிக்கைக்காரிகளில் ஒருத்தி.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அது உப்பில்ல, மருந்துன்னு."

"யாருகிட்டச் சொல்றது?"

"உங்க ஊட்டுக்காரர்கிட்டத்தான்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா உண்ணாமல? அந்த மனுசன் எழுதினத அந்த மனுசனே படிச்சுப் படிச்சுச் சந்தோசப்பட்டுட்டு இருக்கறாரு. நான் போயி, அது பேதிக்குன்னு சொன்னா, உனக்கெப்படித் தெரியும்பாரு. நான் என்னத்தச் சொல்றது?"

"என்ற ஊட்டுல மிசினு போயிருமுங்க அக்கா."

குஞ்சம்மாள் கொஞ்ச நேரம் கோழியை விரட்டினாள். "பூவாத்தாளுக்கு உப்புச் சர்க்கரை மாத்தற வேலை முடியட்டும். பாக்கலாம் போ" என்றாள். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது உண்ணாமலைக்குத் தெரியும். அழாமல் வீட்டுக்குப் போனாள்.

பூவாத்தாள் மணியக்காரரின் மகள். தம்மம்பட்டிப் பக்கம் சென்னிமலை என்பவருடைய மகனுக்குப் பேசியிருந்தது. இந்தப் பக்கத்தில் பெண் பேசி முடித்தால் இரு வீட்டாரும் கடைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கி, துணியில் முடிந்து, கை மாற்றிக்கொள்வார்கள். எழுத்து, கையெழுத்து எதுவும் வேண்டாம். உப்பு கை மாறினால் சொல் மாறக் கூடாது.

மணியக்காரர் கடைக்குப் போனார். கடையில் இருந்த உப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். மண் நிறம், ஈரம், நடுவில் ஒரு வைக்கோல் துண்டு. தம்மம்பட்டிச் சம்பந்தி வசதிக்காரர். வீட்டிலோ கண்ணாடி ஊசியாக ஒரு மூட்டை உப்பு சும்மா கிடக்கிறது. சர்க்காரே உப்பென்று சொல்லிப் பறித்த உப்பு. ரிப்போர்ட்டில் உப்பென்று எழுதியவரும் அவரே. அந்த எழுத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எருமப்பட்டியில் எல்லாரும் எதையாவது சந்தேகித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், சந்தேகிக்க வேண்டிய ஒன்றை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

மூட்டையின் முடிச்சை அவிழ்த்து இரண்டு படி எடுத்துக்கொண்டார். புது மஞ்சள் துணியில் முடிந்தார். உப்பு கை மாறியது. "எங்கீங்க வாங்கினீங்க, இவ்வளவு வெளுப்பா?" என்று சென்னிமலை வியந்தார். "நமக்குன்னு வந்த சரக்குங்க" என்றார் மணியக்காரர். வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

புதுச் சம்பந்தி உப்பைப் போட்டு முதல் சோறு பொங்குவது சென்னிமலை வீட்டு வழக்கம். பொங்கினார்கள். முதல் கவளத்தோடு எல்லாரும் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும், உறவு முறியக் கூடாது, சம்பந்தி உப்பைக் கீழே கொட்டினால் பாவம் என்று பிடிவாதமாக இரண்டு வட்டில் சோறு சாப்பிட்டார். அன்று மத்தியானத்திலிருந்து அவர் சோளக்காட்டிலேயே இருந்தார். கூப்பிட்ட குரலுக்குச் சோளத்தட்டைக்குள்ளிருந்தே பதில் சொன்னார்.

வீட்டில் உள்ளவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருத்தி செய்வினை என்றாள். ஒருவர், பெண்ணுக்கு இஷ்டமில்லை, அதைத்தான் இப்படிச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள் என்றார். கேட்டுவிட்டு வருகிறேன் என்று சென்னிமலை மிச்ச உப்பை அதே மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வண்டி பூட்டினார். அவர் எருமப்பட்டியில் வந்து இறங்கிய நாள், சாவடியில் விசாரணை நாள்.

சாவடி நிறைந்திருந்தது. அதிகாரி நடுவில். எதிரில் மூட்டை. ஒரு தூணோரம் வெள்ளியங்கிரி நின்றார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, எழுதத் தெரிந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் வெளியே புளியமரத்தடியில். சென்னையிலிருந்து பரிசோதனை முடிவு வரவில்லை என்றும், ஆகவே சாட்சியத்தை வைத்தே தீர்மானிப்பதாகவும் அதிகாரி சொன்னார்.

"மணியக்காரரே, இது உப்புத்தானா?"

"உப்புத்தானுங்க சாமி. கண்ணால பாத்தேன்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சென்னிமலை வந்தார். யார் அதிகாரி, என்ன விசாரணை என்று அவருக்குத் தெரியாது. சம்பந்தியைக் கண்டார், மஞ்சள் முடிச்சை அவர் முன்னால் வைத்து அவிழ்த்தார்.

"சம்பந்தி, இது என்னுங்க?"

மணியக்காரர் முடிச்சைத் துண்டால் மூடப் பார்த்தார், சென்னிமலை விடவில்லை.

"இது உப்புன்னா எங்க பதினாலு பேரு நாக்கும் பொய்யுங்களா? உப்பில்லீன்னா எதுக்குங்க உப்புன்னு முடிஞ்சு குடுத்தீங்க? பொண்ணு குடுக்க மனசில்லீன்னா வாய்ல சொல்லியிருக்கலாமுங்க. எங்க மச்சான் ரெண்டு நாளாக் காட்ட உட்டு ஊட்டுக்கு வரலீங்க."

அதிகாரி குனிந்து மஞ்சள் துணியில் இருந்த ஊசியில் ஒன்றை எடுத்தார். மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதே, மணியக்காரரே. இந்த மூட்டையின் முடிச்சு நான் போட்ட முடிச்சு அல்லவே?"

 மணியக்காரர் உப்பு என்று சாதித்தால், சர்க்கார் மூட்டையில் கை வைத்த குற்றம் ஏறும், கல்யாணமும் போகும். தெரிந்தே கெட்ட உப்பைக் கொடுத்தவர் ஆவார். உப்பில்லை என்றால் தம் கைப்பட எழுதியது பொய். ஊருக்கெல்லாம் சிக்கல் வைத்த மனிதர் தம் வீட்டு மஞ்சள் துணியில் தாமே மாட்டிக்கொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புளியமரத்தடியில் பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதைக் குஞ்சம்மாள் பார்த்தாள். பக்கத்தில் உண்ணாமலை நின்றாள். குஞ்சம்மாளிடம் எதையும் கேட்கவில்லை; அவளைப் பார்க்கக்கூட இல்லை.

குஞ்சம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாவடிப் படிவரை வந்தாள்.

"சாமி, அது உப்பில்லீங்க. வகுத்துக்குக் குடிக்கற மருந்துங்க."



"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

"மூணு வருசமா நாங் குடிக்கறேனுங்க. இந்த ஊர்ல பாதிப் பொம்பளைங்க குடிக்கறாங்க. பேரு கேக்காதீங்க, கேட்டாச் சொல்லமாட்டேன். உண்ணாமலதான் காச்சி வடிகட்டிக் குடுக்கறா." பிறகு சென்னிமலையின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, எங்க ஊட்டுக்காரருக்கு அது தெரியாதுங்க. வெள்ளையா இருந்துச்சு, உப்புன்னு நெனச்சுக் கட்டிப்போட்டாரு. செய்வினையும் இல்ல, ஒண்ணுமில்ல. உங்க மச்சானுக்கு மோரு குடுங்க, நின்னுரும்."

அதிகாரி உள்ளங்கையைப் பார்த்தார். சாட்சியம் குழப்பமாக இருந்தால் உத்தரவுக்குக் காத்திருக்க முடியாது போலும். ஓர் ஊசியை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். முகம் சுருங்கியது, அப்புறம், எதையோ நினைத்துக்கொண்டதுபோல மெல்ல விரிந்தது.

"பேதி உப்பு" என்றார். "இங்கிலீஷ் மருந்துக் கடையில் கண்ணாடிக் குப்பியில் அடைத்து விற்பார்கள். சீமையிலிருந்து வருவது என்று சொல்வார்கள். சேலத்தில்கூட எங்கேயோ செய்கிறார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியாது."

தூணோரம் நின்ற வெள்ளியங்கிரிக்குச் செவ்வாய்ப்பேட்டைப் புதன்கிழமை வண்டி கண் முன்னால் ஓடியது. வைக்கோல் போர்வையும் தெரிந்தது.

இது சாப்பாட்டு உப்பு அல்ல, தமது இலாகாவுக்கு இதில் வேலையில்லை என்று அதிகாரி எழுதினார். மெஷினின் அரக்கை உடைக்கச் சொன்னார். மூட்டையின் முடிச்சைப் பற்றி ஒரு வரி எழுதத் தொடங்கி, மணியக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார். சென்னிமலை அங்கேயே கடைக்கு ஆளனுப்பி மண் நிற உப்பு வாங்கிவரச் செய்தார். இரு சம்பந்திகளும் ஆளுக்கு ஒரு கல்லை வாயில் போட்டு, கரிக்கிறது என்று சபையில் சொன்ன பிறகே துணியில் முடிந்தார்கள். அந்த இரண்டு வீட்டிலும் பிறகு நடந்த எல்லா நிச்சயத்திலும் உப்பைச் சப்பிப் பார்த்துத்தான் கட்டினார்களாம்.

கிளம்பும் முன் அதிகாரி வெள்ளியங்கிரியை ஓரமாக அழைத்தார். "அதில் ஒரு பொட்டலம் கிடைக்குமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். சோதித்துப் பார்க்கிறார் என்று வெள்ளியங்கிரிக்குச் சந்தேகம். "இல்லீங்க சாமி, தீந்துபோச்சுங்க" என்றார். உண்ணாமலை புளியமரத்தைச் சுற்றிப் போய் வண்டிக்காரனிடம் இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். நாலு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து பரிசோதனை முடிவு வந்தது: அனுப்பிய மாதிரி போதவில்லை, இன்னும் இரண்டு படி அனுப்பவும். அங்கேயும் யாருக்கோ வயிறு சரியில்லை என்று வெள்ளியங்கிரி தீர்மானித்துக்கொண்டார்.

அவர் வீட்டில் அன்றைக்குச் சந்தோஷம் இருந்தது என்று எழுத ஆசைதான். மெஷினைத் துடைத்துவிட்டு வந்து அவர் உட்கார்ந்தார். உண்ணாமலை சோறு போட்டாள். சோற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மூணு வருசமா?"

"ஆமாங்க."

"பாதி ஊருக்கு?"

"முக்கா ஊருங்க. குஞ்சம்மாக்கா கொறைச்சுச் சொன்னாங்க."

பிசைந்த கையை நிறுத்தினார். தமக்கே சொல்வதுபோல மெதுவாகக் கேட்டார்:

"வெள்ளிக்கெழமைக் கசாயம்?"

உண்ணாமலை தண்ணீர் மொள்ளப் போய்விட்டாள்.

மறுமாதத்திலிருந்து வெள்ளியங்கிரி தம் கசாயத்தைத் தாமே காய்ச்சினார். நிலவேம்பைத் தாமே பிடுங்கினார், தாமே அலசினார், அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சுத்தமான கசாயம், சந்தேகத்துக்கு இடமேயில்லை. ஆனால் கடியாரம் நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நாலாம் நாள் கடையில் சோடா உடைக்கக்கூடக் குனிய முடியவில்லை. காத்தான் வந்து, "என்னங்க, உங்களுக்கே ஏறலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்தினார். ஒரு சோடாப் பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். தம் வீட்டைத் தாமே சுற்றிக்கொண்டு, முக்கால் ஊர் வந்துபோன அதே வழியில், பொடக்காலிக்குப் போனார். உண்ணாமலை மண்சட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு பொட்டலம்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் போல மடித்து நீட்டினாள். வெள்ளியங்கிரி வாங்கினார், பிரித்தார், முகர்ந்தார், ஒரு ஊசியை நாக்கில் வைத்துப் பார்த்தார். கசந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்த வழியே போனார்.